ஒன்றியத்தின் பின் கண்ணாடி

எங்கள் கடையில் இப்போது வேலை பார்ப்பவர்கள் செல்போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்று வீட்டில் கிடக்கிற என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். காலையில் பூ, மாலையில் பூ, நடுவில் உடைந்த கண்ணாடிப் படங்கள். போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத ஒரு பின் கண்ணாடி கேஸ். ரெண்டு வரியில போடுங்க." இரண்டு வரியில் போடுவதற்கு அது என்ன கல்யாண வாழ்த்தா?

அவர் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. இன்சூரன்ஸ்காரர்கள் இப்போது கடைப்பக்கமே வருவதில்லை. வண்டிக்காரர் போனில் நாலு படம் எடுத்து அனுப்புகிறார். உட்கார்ந்த இடத்திலிருந்தே யாரோ காரணம் எழுதி முடித்துவிடுகிறார்கள். உடைந்த கண்ணாடியைக் கையால் தொடாமலே அது எப்படி உடைந்தது என்று எழுதுகிற காலம் வந்துவிட்டது என்று அவர் வருத்தப்பட்டிருந்தார். தொட்டுப் பார்த்த நாங்கள் மட்டும் பெரிதாக என்ன கிழித்துவிட்டோம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் கோவிந்தராசு. தஞ்சாவூரில் முப்பத்து நாலு வருஷம் வண்டிகளுக்குக் கண்ணாடி மாட்டினேன். ஆரம்பத்தில் லாரி, பஸ், அம்பாசடர். அந்தக் கண்ணாடிகளுக்குச் சுற்றிலும் ரப்பர் பீடிங் இருக்கும். பீடிங்கின் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் கண்ணாடியைத் தட்ட, உள்ளே ஒருவர் கயிற்றை உருவ, கண்ணாடி போய் உட்கார்ந்துகொள்ளும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம், கை வெட்டுப்படாமல் செய்ய இன்னொரு வருஷம். அவ்வளவுதான் என் படிப்பு.

பிறகு பசை வைத்து ஒட்டும் கண்ணாடிகள் வந்தன. அந்த வேலையைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தவர்களில் ஜாபர் பாய் ஒருவர். சார்ஜாவில் பதினொரு வருஷம் கண்ணாடிக் கடையில் இருந்துவிட்டு வந்து, திருவையாறு போகிற சாலையில் ஒரு வாய்க்கால் ஓரமாகக் கடை போட்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார், சம்பளம் அவர் கொடுப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றுகிற மாதிரி மெதுவாகப் பேசுவார். பசை பிடிப்பதற்காக முதலில் பிரைமர் பூசிய இடத்தில் என் விரல் பட்டுவிட்டால், "அண்ணே, அந்த இடத்துல மட்டும் மறுபடியும் தொடச்சுட்டுப் பூசிடலாங்களா" என்பார். முடியாது என்று சொல்ல முடியாது. மறுபடி காய்வதற்குப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே நிற்பார். எரிச்சலாக வரும்.

அதைவிட எரிச்சல் அவருடைய ஜாப் கார்டு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மஞ்சள் அட்டை. அதில் வண்டியின் படம், எந்தக் கண்ணாடி, எங்கே கீறல், கடைசியில் 'உடைந்த காரணம்' என்று ஒரு கட்டம், அதற்குக் கீழே கண்ணாடி மாட்டியவர் கையெழுத்து. "பார்த்தத எழுதுங்கண்ணே. கஸ்டமர் சொன்னத எழுதாதீங்க" என்பது பாயின் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் கை முழுக்கக் கறுப்புப் பசையோடு நிற்பவனிடம் பேனாவை நீட்டினால் என்ன செய்வது? பற்றாததற்கு என் எழுத்து, கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதனால் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். திங்கட்கிழமை காலையில், கை சுத்தமாக இருக்கும்போதே, அந்த வாரத்துக்கான இருபது அட்டையிலும் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன். வேலை முடிந்ததும் நான் வாயால் சொல்வேன், பாய் தன் அழகான எழுத்தில் எழுதிக்கொள்வார். எட்டு வருஷம் இப்படியே ஓடியது. இருவருக்கும் இது தப்பாகவே படவில்லை.

வண்டிக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பசை வைத்து ஒட்டிய கண்ணாடிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, சும்மா விடுவது. மூன்று மணி நேரம் வண்டியைத் தொடக்கூடாது. ஜன்னல் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைக்க வேண்டும். எல்லா ஜன்னலையும் ஏற்றி மூடிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினால் உள்ளே அடைபட்ட காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளிவிடும். இதைச் சொல்லாத நாள் கிடையாது, கேட்ட ஆளும் கிடையாது. ஒரு குடும்பம் வந்தது. பின் கண்ணாடி மாற்றி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. திருஷ்டி கழிக்க வேண்டும் என்று நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். பிறகு ஏழு பேரும் ஏறி ஐந்து கதவையும் ஒரே நேரத்தில் சாத்தினார்கள். பள்ளியக்ரஹாரம் தாண்டுவதற்குள் கண்ணாடி கழன்று சாலையில் விழுந்தது. திரும்பி வந்து என்னிடம் கேட்டார்கள், "திருஷ்டி சரியா கழியலையோ?" அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

இப்போது ஒன்றியத்தின் வண்டிக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் கட்சிக்காரர்களைப் பதவியின் பெயராலேயே கூப்பிடுவது வழக்கம். இவர் ஆளுங்கட்சியில் ஒன்றியச் செயலாளர். அதனால் ஊருக்கே அவர் ஒன்றியம்தான். அப்போது திருவையாற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களில் எரிவாயுக் குழாய் பதிக்கிற தகராறு நடந்துகொண்டிருந்தது. சம்பா கதிர் வாங்கி நிற்கும்போது பள்ளம் தோண்டும் மிஷினை வயலில் இறக்கினார்கள். ஜனங்கள் வரப்பில் உட்கார்ந்து மறித்தார்கள். குழாய் வேலையில் மண் அள்ளும் காண்ட்ராக்ட் ஒன்றியத்துடையது என்று பேச்சு. அவர் சமாதானம் பேசப் போவார், பின்னாலேயே மிஷின் வரும்.

அவர் வைத்திருந்தது பெரிய சொகுசு எஸ்யூவி. பட்டனை அமுக்கினால் பின் கதவு தானாகத் திறக்கும், தானாக மூடும். அந்தப் பின் கண்ணாடி முழுக்க, ஓர் அங்குலம் விடாமல், தலைவரின் முகத்தை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார். கீழே வலது மூலையில் கைகூப்பியபடி சின்னதாக அவரும் இருப்பார். இந்தப் பழக்கத்தைப் பற்றி எனக்கு நிறைய வருத்தம் உண்டு. பின்னால் வருவதைப் பார்ப்பதற்காகத்தான் அந்த இடத்தில் கண்ணாடி வைத்தான் வண்டி செய்தவன். அதில் முகத்தை ஒட்டி அடைத்துவிட்டு, ரிவர்ஸ் எடுக்கும்போது நாலு பேர் இறங்கி "வா, வா, வா" என்று கத்துகிறார்கள். ஆட்சி மாறினால் எங்கள் கடைக்கு வேலை வரும். பழைய முகத்தைச் சுரண்ட வேண்டும், கண்ணாடியில் கீறல் விழும். யார் ஆட்சி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பேப்பர் தேவைப்பட்டதில்லை.

ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அந்த வண்டி வந்தது. பின் கண்ணாடி உடைந்திருந்தது, ஆனால் விழவில்லை. பின் கண்ணாடி உடைந்தால் கற்கண்டு மாதிரி பொடிப்பொடியாகிக் கொட்டிவிடும். இங்கே வெளிப்பக்கம் ஒட்டியிருந்த தலைவர் அத்தனை பொடியையும் பிடித்து வைத்திருந்தார். முகம் மட்டும் தொய்ந்து, நனைந்த துணி மாதிரி தொங்கியது.

"கல்லால அடிச்சுட்டா" என்றார் ஒன்றியம். "ஒரு பொம்பள. பேரு செல்வராணி. கேஸ் குடுத்தாச்சு. நீ சீக்கிரம் மாட்டு. நாளன்னைக்கு மாவட்டம் வர்றாரு."

டிரைவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தலைவர் முகத்துல பிளேடு படக்கூடாது" என்று ஒன்றியத்தோடு வந்தவர்களில் ஒருவர் சொன்னார். "அப்படியே எடுக்கணும். குப்பையில போட்டுடாதீங்க, பிரச்சினையாயிடும்."

நான் பாயைப் பார்த்தேன். பாய் மெதுவாக, "அப்படியே எடுத்துடலாங்க" என்றார். செய்யப்போவது யார், நான்தானே?

கண்ணாடியைச் சுற்றி உள்ளே இருக்கும் பழைய பசையைக் கம்பியால் அறுத்து, பொடி சிந்தாமல், அந்த முகத்தை முழுசாக இறக்குவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பாயும் நானும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து மேஜையில் முகம் மேலே தெரிய மல்லாத்தி வைத்தோம். அப்போதுதான் பார்த்தேன். தலைவரின் இடது கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் ஓட்டை. ஸ்டிக்கரின் கிழிந்த ஓரம் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. வெளியிலிருந்து கல் வந்து பட்டிருந்தால் ஓரம் உள்ளே மடிந்திருக்க வேண்டும். இது உள்ளேயிருந்து குத்தி வெளியே வந்த ஓட்டை. கண்ணாடியின் வெடிப்புக் கோடுகள் எல்லாம் அந்த இடத்திலிருந்துதான் விசிறி மாதிரி கிளம்பியிருந்தன. ஸ்டிக்கர் மட்டும் இல்லாமலிருந்தால் எல்லாம் கொட்டிப் போயிருக்கும். கடவுளே வந்தாலும் எப்படி உடைந்தது என்று சொல்லியிருக்க முடியாது.

வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். பின் சீட்டின் மேல் சாய்த்தபடி ஏழெட்டுக் கட்சிக் கொடிகள். மூங்கில் இல்லை, இரும்புக் குழாய். ஒரு குழாயின் நுனியில் வெள்ளையாகக் கண்ணாடித் தூள் ஒட்டியிருந்தது.

மற்றவர்கள் டீ குடிக்கப் போனபோது டிரைவரிடம் கேட்டேன்.

"ஜனம் கூடிடுச்சுண்ணே" என்றார். "கொடியெல்லாம் அப்படியே அள்ளிப் போட்டுட்டு, கதவு தானா மூடுறதுக்குள்ள நாலு பேரு சேர்ந்து அமுக்குனாங்க. டப்புனு ஒரு சத்தம். ஒன்றியம் முன்னாடி உக்காந்திருந்தாரு. கல்லுடான்னு கத்துனாரு. எல்லாரும் கல்லுதான்னாங்க. நான் ஒருத்தன் என்னத்தச் சொல்றது?"

பாயிடம் போய்ச் சொன்னேன். "இது கல்லு இல்ல பாய். கொடிக்கம்பு." பாய் மேஜைக்குப் போய் ஓட்டையைப் பார்த்தார். விரலை விட்டும் பார்த்தார். "கண்ணாடி நாளன்னைக்குக் காலையில சென்னையிலேருந்து வந்துடும்ணே. நாம வேலையப் பாப்போம்" என்றார். முகத்தைப் பழைய போர்வையில் சுற்றி, குப்பையில் போட முடியாத காரணத்தால், ஸ்டோர் ரூமில் சுவரோரமாக நிற்க வைத்தோம்.

அந்த இரண்டு நாளும் மணிக்கொரு தரம் ஒன்றியத்தின் ஆள் போன் செய்தார். கண்ணாடி வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். டிக்கி கதவின் உள் அட்டையைக் கழற்றினேன். கதவின் வயிற்றுக்குள் விழுந்திருந்த பொடியை உறிஞ்சி எடுத்தேன். ஒரே ஒரு பொடி விட்டுப்போனாலும், கதவைத் திறக்கும்போதெல்லாம் சலங்கை கட்டிய மாதிரி சத்தம் வரும். பழைய பசையை முழுசாகச் சுரண்டாமல், மெல்லிசாக ஒரு படலம் விட்டேன். புதுப் பசைக்கு அதுதான் பிடிமானம். இரும்பு தெரிந்த இடத்தில் பிரைமர், கண்ணாடியின் ஓரத்தில் பிரைமர், காய்கிற வரை பாய் பக்கத்தில் நிற்க, காத்திருந்தேன். பிறகு துப்பாக்கியில் பசைக்குழாயைப் போட்டு, முக்கோணமாக, ஒரே மூச்சில், எங்கும் அறுபடாமல் சுற்றி வந்தேன். உறிஞ்சு கப்புகளை வைத்துக் கண்ணாடியை இருவரும் தூக்கி, இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி பார்த்து உட்கார வைத்தோம். பனி போக்கும் கோடுகளுக்கு ஒயரைச் செருகினேன். டேப் ஒட்டினேன்.

ஒன்றியம் வந்துவிட்டார். "முடிஞ்சுதா?"

"மாட்டியாச்சுங்க. மூணு மணி நேரம் காயணும்."

"என்னய்யா காயணும், வடாமா போட்டிருக்க? மாவட்டம் வந்துக்கிட்டிருக்காரு."

அவரோடு ஸ்டிக்கர்காரரும் வந்திருந்தார், தோளில் புதுத் தலைவரைச் சுருட்டி வைத்துக்கொண்டு. பசை ஈரமாக இருக்கிற கண்ணாடியில் அந்த ஆள் ரப்பர் பட்டையை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "தலைவரை ஒட்ட விடமாட்டேங்கிறியா?" என்று ஒருவர் என் பக்கம் திரும்பினார். பாய் நடுவில் வந்து, "ஒட்டுங்க, அழுத்தாம ஒட்டுங்க" என்றார். அழுத்தாமல் ஸ்டிக்கர் ஒட்ட முடியுமா? கண்ணாடி இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போனது. முதல் மழையில் ஒழுகும் என்று சொன்னேன். ஒழுகியது. அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்து ஒரு போலீஸ்காரர் வந்தார். மஞ்சள் அட்டையின் நகலைக் காட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். குறித்துக்கொண்டார். அவர் தாளை மடிக்கும்போதுதான் மேலே இருந்ததைப் படித்தேன். 'உடைந்த காரணம்: வெளியிலிருந்து கல்வீச்சு.' பாயின் அழகான எழுத்து, கீழே என் கோழிக் கிறுக்கல்.

அவர் போனதும் பாயிடம் போனேன்.

"நான் சொல்லலியே பாய்."

"சொல்லலண்ணே. நான்தான் எழுதினேன்." அவர் கணக்கு மேஜையின் இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டீஸை எடுத்து வைத்தார். கடையின் முன்பக்கம் பத்தடி வாய்க்கால் புறம்போக்கில் இருக்கிறது, காலி செய்ய வேண்டும் என்று வந்த நோட்டீஸ். "ஒன்றியம் அன்னைக்கு இதைப் பத்தி ரெண்டு வார்த்தை கேட்டாரு. அப்புறம் கார்டு கேட்டாரு. நான் எழுதினது தப்புண்ணே. ஆனா கையெழுத்து உங்களது."

இதைவிடக் கத்தியிருக்கலாம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எட்டு வருஷமாக வெறும் அட்டையில் கையெழுத்துப் போட்டவன் நான்.

மறுநாள் செல்வராணி கடைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் வேலை, மீதி நேரத்தில் ஏழு மா, அதாவது இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், நிலம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி. கேஸ் கோர்ட்டுக்குப் போனால் பள்ளிக்கூட வேலை போய்விடும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டாராம். அழவில்லை, கும்பிடவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"நீங்கதான் கோவிந்தராசுங்களா?"

"ஆமாம்மா."

"கண்ணாடி மாட்டுனவரே கல்லுன்னு எழுதிக் குடுத்திருக்காருன்னு ஸ்டேஷன்ல சொல்றாங்க. கல்லு பட்டத நீங்க பாத்தீங்களா?"

"இல்ல" என்றேன்.

"அப்ப என்னத்துக்கு எழுதுனீங்க?"

நான் எழுதவில்லை, கையெழுத்து மட்டும்தான் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைக் கேட்க எனக்கே அசிங்கமாக இருந்தது. "பாக்கறேம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. எனக்கென்ன வந்தது என்றும் நினைத்தேன், பாயின் கடை போனால் என் சோறும் போகும் என்றும் நினைத்தேன். மூன்றாம் நாள், ஒரு டாக்டரின் காருக்குக் கண்ணாடி மாட்டி முடித்து, பாய் அட்டையை நீட்டி "காரணம் சொல்லுங்கண்ணே" என்றபோது கையைத் துடைத்துக்கொண்டேன். ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் போர்வையோடு அந்த முகத்தைத் தூக்கினேன். பாய் தடுக்கவில்லை. லோடு ஆட்டோவில் ஏற்ற ஒரு கை பிடித்தார்.

ஸ்டேஷனில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. போர்வையைப் பிரித்ததும் அங்கிருந்த ஏட்டு பதறினார். "தலைவரைத் தரையில வைக்காதய்யா." மேஜையில் வைக்கலாம் என்றால் மேஜை முழுக்க ஃபைல். சுவரில் சாய்த்தால் முகம் மடங்கியது. பெஞ்சில் ஒரு கைதி உட்கார்ந்திருந்தார், அவர் பக்கத்தில் தலைவரை வைக்கலாமா கூடாதா என்று இரண்டு பேர் யோசித்தார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டர் அறையில், அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் வைத்தார்கள். "உக்காருங்க" என்று என்னிடம் சொன்ன இன்ஸ்பெக்டர், உட்கார இடமில்லை என்று பார்த்துவிட்டு, "சரி, நின்னுக்கிட்டே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஓட்டையின் ஓரம், வெடிப்புக் கோடு, கொடிக்கம்பின் நுனி, எல்லாம் சொன்னேன். டிரைவர் பெயரை மட்டும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து பார்த்தார். உட்பக்கமிருந்து விரலை விட்டார். விரல் தலைவரின் கன்னத்தில் வெளியே வந்தது. சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"கார்டுல இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார். வெறும் கார்டுல போட்டது. எட்டு வருஷமா அப்படித்தான் போடுறேன்."

"வெறும் கார்டுல கையெழுத்துப் போடுறவன் சொல்றத எப்படிய்யா நம்புறது?"

அந்தக் கேள்வியையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். அதற்குக் கீழே கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்துக் கூட்டி மூன்று தரம் படித்தேன். ஏட்டு சலித்துக்கொண்டார்.

ஒன்றியத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். கோபமாக வந்தவர், நாற்காலியில் இருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கன்னத்து ஓட்டையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார், கேட்ட கேள்வி இரண்டே இரண்டுதான்.

"கேஸ் நடந்தா இத கோர்ட்டுக்குக் கொண்டு போவாங்களா?"

"சாட்சிப் பொருள் ஆச்சே. கொண்டு போய்த்தான் ஆகணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பத்திரிகைக்காரனெல்லாம் வருவானா?"

"வருவான்."

நம் கட்சிக் கொடிக்கம்பு நம் தலைவரின் கன்னத்தைக் குத்திக் கிழித்தது என்று நாளைக்குப் பேப்பரில் வந்தால் மாவட்டம் என்ன சொல்வார் என்று அவர் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். "அந்தம்மா மேல எனக்கென்ன கோவம்? பொம்பள மேல எதுக்குக் கேஸு? வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார். ஒருவராவது உண்மை எது என்று கேட்பார்கள் என நான் எதிர்பார்த்தது என் மடத்தனம். ஒன்றியம் போகும்போது அந்த முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். காவிரியில் விட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவ்வளவு கண்ணாடிப் பொடியோடு, ஜனங்கள் குளிக்கிற துறையில்.

கடையின் முன்பக்கப் பத்தடியை அடுத்த மாதமே இடித்தார்கள். பாய் பொருள்களை உள்ளே நகர்த்தி வைத்துவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போல் கடை திறந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திங்கட்கிழமை அட்டைக் கட்டை அவர் எடுத்து வைக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. அதன்பிறகு ஒவ்வொரு அட்டையையும் நானே எழுதினேன், அரை மணி நேரம் ஆனாலும்.

அறுவடை எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் செல்வராணி வந்தார். கேஸ் இல்லை, பள்ளிக்கூட வேலை போகவில்லை என்று சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, "நீங்க எறியவே இல்லைன்னு கண்ணாடிய பாத்ததுமே தெரிஞ்சுதும்மா" என்றேன்.

"எறிஞ்சேங்க" என்றார்.

"எறிஞ்சீங்களா?" என்றேன்.

"எறியாம என்ன? கதிர் நிக்கிற வயல்ல மிஷின எறக்குனா கையி சும்மாவா இருக்கும்? வாய்க்கால்ல போயி விழுந்துச்சு. பட்டிருந்தா நானே ஒத்துக்கிட்டு உள்ள போயிருப்பேன்."

குழாய் போட்டுவிட்டார்களா என்று கேட்டேன். போட்டுவிட்டார்களாம், அவருடைய ஏழு மாவில் குறுக்கே. நஷ்ட ஈடு சென்னையில் இருக்கும் நிலச் சொந்தக்காரருக்குப் போயிற்றாம். குத்தகை வாய்ப்பேச்சுதான் என்பதால் தாலுக்கா ஆபீஸில் இவர் பெயருக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அடுத்த போகத்துக்கு நிலம் கிடையாது என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டாராம்.

"படாத கல்லுக்கு எம் பேர எழுதிக்கத் தெரிஞ்சுது" என்றார். "பதினாறு வருசம் நட்டு அறுத்த நெலத்துக்கு எம் பேர எழுதிக்க ஒருத்தருக்கும் தெரியல."

டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பிள்ளைகளுக்கு உலை வைக்க நேரமாகிறது என்று சொல்லிவிட்டுத் திருவையாறு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.